மெயினை இறக்கிய கை

1

எங்கள் தொழிலில் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். யாராவது கடவுச்சொல்லைக் கேட்டால் சந்தேகப்பட வேண்டும். ஒரு மாதமாக யாருமே கேட்கவில்லை என்றால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. செந்துறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்பி வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருடம் ஆகிறது. வரும்போதே எனக்குச் சந்தேக புத்தி உண்டு. இங்கே வந்து அதற்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

பதினோராம் வருடம் நிறைந்த அன்று காலை என் மனைவி விஜயா கேசரி கிண்டினாள். நான் வழக்கம்போல் காபியை வைத்துக்கொண்டு, ஊரில் எங்கள் வீட்டில் இருக்கும் பெட்டியைக் கூப்பிட்டேன். அதாவது, இங்கிருந்து ஒரு வரி தட்டினேன். எப்போதும் மாலையில்தான் கூப்பிடுவேன், அது உடனே பதில் சொல்லும். அன்று சொல்லவில்லை. ஊரில் அப்போது மணி பத்து.

மேஜையின் இன்னொரு பக்கத்தில் ஒரு படிவம் கிடந்தது. அம்மாவை மூன்று மாதம் இங்கே அழைத்து வர விசா கேட்கும் படிவம். அதில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், இரண்டு இடங்களைத் தவிர. ஒன்று, தொழில். அதில் ‘இல்லை’ என்று பென்சிலால் எழுதிவைத்திருந்தேன். மற்றொன்றுதான் வில்லங்கம். வருகிறவர் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன ஆதாரம்? வேலைக்குப் போகிறவர் என்றால் வேலைக்கான சான்று கொடுக்கலாம். கணவன் இருந்தால் அதைச் சொல்லலாம். அப்பா போய் ஆறு வருடம். ஒரே மகன் நான் இங்கே இருக்கிறேன். அறுபத்து மூன்று வயது விதவை ஊருக்குத் திரும்பிப் போவார் என்று எதை வைத்து நிரூபிப்பது? படிவத்தை எழுதியவன் என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி.

2

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் செல்வம் எனக்குச் சித்தப்பா மகன். அவனிடம் படிக்க வருகிற பிள்ளைகளில் பாதிப் பேரிடம் பழைய லேப்டாப், மீதிப் பேரிடம் போன் மட்டும். சர்வர் வேலைக்குப் பழக ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் எங்கே போவது? போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது, சென்னையில் ஒரு கம்பெனி கழித்துப்போட்ட பழைய சர்வர் ஒன்றை வாங்கி வந்தேன். சென்டரில் அது போடும் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது என்று செல்வம் சொன்னான். எங்கள் ஊருக்கும் ஃபைபர் வந்துவிட்டிருந்தது. வீட்டின் பின்னறை சும்மாதான் கிடந்தது. அங்கேயே வைத்தோம்.

அந்த ஒரு பெட்டிக்குள் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. கையால் தொட முடியாத கம்ப்யூட்டர்கள். பெட்டியின் நினைவகத்திலும் வட்டிலும் ஆளுக்கொரு பங்கு ஒதுக்கி, இது உன் கம்ப்யூட்டர் என்று நம்ப வைப்பதுதான் வித்தை. கூட்டுக் குடும்பத்தில் ஒரே வீட்டைத் தடுத்துத் தடுத்து நாலு மருமகள்களுக்குத் தனித்தனி அடுப்பு போட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. நான் அவற்றுக்கு அரியலூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ் நிற்கும் ஊர்களின் பெயரை வைத்தேன். பெயர் போதாமல் போனபோது பூலாம்பாடி, லப்பைக்குடிக்காடு என்று பெரம்பலூர்ப் பக்கமும் போனேன்.

பெட்டிக்குத் திரை கிடையாது. கீபோர்டு கிடையாது. ஒரு மின்கம்பியும் ஒரு இணையக் கம்பியும்தான். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் உண்டாக்க வேண்டும் என்றால் டார்ட்முண்டிலிருந்து ஒரு நீளமான கட்டளை எழுத வேண்டும். பெயர் இது, நினைவகம் இவ்வளவு, வட்டு இவ்வளவு, படம் காட்ட வேண்டாம், எழுத்தாகவே பேசு. அந்தக் கடைசிப் பகுதியை மறந்துவிட்டால் வந்தது வினை. உள்ளே கம்ப்யூட்டர் பிறந்து, இல்லாத திரையில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். வெளியே நமக்கு ஒன்றும் தெரியாது. செத்ததா, இருக்கிறதா, யோசிக்கிறதா என்று கருப்பாக இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். முதல் தடவை நான் முக்கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே போனால் வெளியே வருவதற்கும் ஒரு சாவி உண்டு. கன்ட்ரோலோடு சதுர அடைப்புக்குறியை அழுத்த வேண்டும். ஜெர்மன் கீபோர்டில் அந்தக் குறி மூலையில் ஒளிந்திருக்கும், அழுத்தினாலும் வேலை செய்யாது. ஐந்தாம் எண்ணை அழுத்தினால் வெளியே வரலாம் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. இந்த நாட்டில் பல விஷயங்கள் அப்படித்தான். கதவு இருக்கும், கைப்பிடி வேறு எங்கோ இருக்கும்.

அம்மாவுக்குப் பெட்டியை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

“டிவின்னா படம் தெரியுது. மிக்சின்னா சத்தம் வருது, அரைக்குது. இது சத்தமும் போடுது, ஒண்ணையும் காட்ட மாட்டேங்குது. மூஞ்சி இல்லாத சாமானை வூட்டுல வெச்சா என்ன செய்யுதுன்னு எப்புடித் தெரியும்?”

“அதுக்குக் கண்ணு கெடையாதும்மா. ஒன்னையெல்லாம் பாக்காது.”

“அதையேதான் எல்லாரும் சொல்லுவாங்க” என்றார். நான் விமானம் ஏறிய மறுநாளே அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டார். சூடாகிவிடும், துண்டை எடுத்துவிடுங்கள் என்று செல்வம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

3

முதல் நாள் கரண்ட் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையும் பெட்டி பேசவில்லை. மூன்றாம் நாள் நிதானமாக உட்கார்ந்து பெட்டியின் பதிவேட்டைப் பார்த்தேன். சர்வர்களுக்கு ஒரு நல்ல குணம், எப்போது எழுந்தோம் என்பதை எழுதிவைத்துவிடும். கடைசியாக எந்த நிமிடம் வரை உயிரோடு இருந்தோம் என்பதும் அதில் தெரியும்.

மூன்று வாரமாக நடந்திருக்கிறது. காலை எட்டே முக்காலுக்கு ஐந்து நிமிடம் முன்பின்னாகப் பெட்டி சட்டென்று சாகிறது. மதியம் மூன்றரை வாக்கில் உயிர்த்தெழுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றும் நடப்பதில்லை.

“திருடனுக்கும் ஞாயித்துக்கிழமை லீவா?” என்று கேட்டாள் விஜயா.

அவளுக்கு விளையாட்டு. எனக்கு இல்லை. ஏனென்றால் பெட்டியை நான் வெறுமனே வைத்துவிட்டு வரவில்லை. இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஊரில் கரண்ட் போனால் நான்கு மணி நேரம் தாங்கும். ஆகவே இது மின்வெட்டு இல்லை. யாரோ ஒருவர் மெயினையும் இறக்கி, இன்வெர்ட்டர் பொத்தானையும் அமுக்கி, இரண்டையும் தெரிந்தே செய்கிறார்கள். அதற்கு ஒரு கை வேண்டும். யாருடைய கை?

இதற்கிடையில் பூலாம்பாடிப் பெண் ஒருத்தி, செல்வத்தின் மாணவி, எனக்கு எழுதினாள். சட்டென்று கரண்டைப் பிடுங்கியதில் அவளுடைய கம்ப்யூட்டரின் வட்டு கெட்டு, இரண்டு வாரமாகச் செய்த வேலை போய்விட்டது. ‘பரவாயில்லைங்க சார், மறுபடி செஞ்சுடுறேன்’ என்று முடித்திருந்தாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அம்மாவைக் கூப்பிட்டேன். இங்கே காலை பத்தரை மணி இடைவேளை, ஊரில் மதியம் இரண்டு. வெகு நேரம் மணி அடித்த பிறகு எடுத்தார். மூச்சு வாங்கியது.

“எங்கம்மா இருக்க?”

“வூட்டுலதான் தம்பி. வேற எங்க போவப் போறேன்?”

“பெட்டி ஏன் ஓடல?”

“கரண்டு போயிருக்கும்.”

“இன்வெர்ட்டர் இருக்குல்ல?”

“அது எனக்கென்னடா தெரியும்? நீ வெச்ச சாமான், நீதான் சொல்லணும்.”

பின்னால் நாலைந்து பெண்களின் குரல் கேட்டது. காற்று அடிக்கும் சத்தம். வீட்டுக்குள் அப்படிக் காற்று அடிக்காது. யாரோ ஒரு பெண் உரக்கக் கூப்பிட்டாள்: “அக்கா, போட்டோவுக்கு வாங்க! ரெண்டாவது போட்டோ எடுக்கணும்!”

லைன் துண்டிக்கப்பட்டது.

நான் காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போட்டோ. ஊரில் அறுபத்து மூன்று வயதுப் பெண்ணை எங்கே வைத்துப் போட்டோ எடுப்பார்கள்? எனக்குத் தெரிந்து ஒரே இடம்தான். பத்திரப் பதிவு ஆபீஸ். அங்கேதான் போட்டோ எடுத்து, விரலை உருட்டி ரேகை வாங்குவார்கள்.

எங்கள் வீடு இருக்கும் மனை இன்னும் கூட்டுப் பட்டாவில்தான் இருக்கிறது. எங்கள் அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் சேர்ந்து. அளந்து பிரிக்க வேண்டும் என்று இருபது வருடமாகப் பேச்சு. அப்பா இல்லை என்ற பிறகு அம்மாவின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. சித்தப்பாவின் ஒரே மகன் செல்வம். பெட்டியை என்னோடு சேர்ந்து வைத்தவன் செல்வம். இன்வெர்ட்டர் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அம்மாவைத் தவிர அந்த ஊரில் அறிந்த ஒரே ஆள் செல்வம்.

எல்லாம் பொருந்தியது. இப்படிப் பொருந்தும்போதுதான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும் என்று ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் நான் உட்கார்ந்ததில்லை.

4

அன்று மதியமே செல்வத்தைக் கூப்பிட்டேன்.

“சொல்லுங்கண்ணே” என்றான். பின்னால் பிள்ளைகள் தட்டச்சு செய்யும் சத்தம்.

“அம்மாவை எங்க கூட்டிட்டுப் போற தினமும்?”

“நானா? நான் ஏண்ணே கூட்டிட்டுப் போறேன்? கட பூட்டவே நேரம் ஆயிடுது.”

“போட்டோ எடுத்தாங்கல்ல? எனக்குக் கேட்டுச்சு செல்வம். பட்டாவைப் பிரிக்கணும்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாம். பெட்டிய அமத்திட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா?”

அவன் எழுந்து வெளியே போனான் என்று நினைக்கிறேன். தட்டச்சுச் சத்தம் நின்று பஸ் ஹாரன் கேட்டது.

“அண்ணே, பெரியம்மா எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. நீங்க அவங்களையே கேளுங்க. ஆனா ஒண்ணு. நான் பட்டாவுக்காக அந்த வூட்டுக்குள்ள காலடி வெச்சேன்னு உங்க வாயால சொல்லிட்டீங்க. இனிமே அந்தப் பெட்டிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லண்ணே. பசங்களுக்கு நான் வேற ஏதாவது பாத்துக்கறேன்.”

வைத்துவிட்டான். சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்ற வார்த்தைதான் என் காதில் நின்றது. குற்றவாளி பேசுவது போலத்தான் இருந்தது எனக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் கண்ணுக்குப் பகலே இருட்டாக இருந்தது.

5

அதன் பிறகு நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இந்தக் குறிப்புக்கே அர்த்தம் இல்லை.

சனிக்கிழமை மதியம், ஊரில் பெட்டி உயிர்த்தெழுந்ததும், அதற்குள் பதின்மூன்றாவதாக ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்கினேன். மிகச் சின்னது. படம் வேண்டாம், சத்தம் வேண்டாம். மற்றவற்றுக்கெல்லாம் ஊர்ப் பெயர் வைத்தவன் இதற்கு ‘தற்காலிகம்’ என்று வைத்தேன், பட்டியலில் யார் கண்ணிலும் உறுத்தாமல் இருக்கட்டும் என்று. அதற்கு ஒரே ஒரு வேலை. நிமிடத்துக்கு ஒரு தரம், எங்கள் வீட்டு வைஃபையில் எந்தெந்தப் போன் இணைந்திருக்கிறது என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள். அம்மாவிடம் கண் இல்லை என்று சொன்ன பெட்டிக்கு நானே ஒரு கண்ணை வைத்தேன்.

ஒன்பது நாள் கழித்துப் பட்டியலைப் பார்த்தேன். செல்வத்தின் போன் ஒரே ஒரு முறை, அதுவும் நான் கண்ணை வைத்த மறுநாள் ஞாயிறு மாலை, இருபது நிமிடம் வந்து போயிருக்கிறது. ஒரு டீ குடிக்கும் நேரம். நான் அத்தனை பேசிய பிறகும் பெரியம்மாவைப் பார்க்க வந்திருக்கிறான். வேறு எந்தப் போனும் வரவில்லை. ஞாயிறு தவிர எல்லா நாளும் பெட்டி சாகிற நிமிடம் வரை வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். அம்மாவுடையது.

மெயினை இறக்கிய கை அம்மாவின் கை.

நான் நிமிர்ந்து எங்கள் வீட்டு வாசல் பக்கம் பார்த்தேன். டார்ட்முண்ட் வீட்டில் கதவுக்கு மேலே ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருக்கிறது, ஃபியூஸ்கள் உள்ள பெட்டி. எங்கள் பக்கத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே கிளம்பினால் கடைசி வேலை மெயினை இறக்குவது. கேஸ், மெயின், பூட்டு, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பது. ஒரு வீட்டில் ஒயர் உருகிக் கூரை எரிந்தால் தெருவே எரியும் என்ற காலத்தில் வந்த பழக்கம், கூரை போய் மாடி வந்த பிறகும் போகவில்லை. இங்கே வந்த முதல் கோடையில் பத்து நாள் வெளியூர் கிளம்பியபோது நானே அந்த இரும்புப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது மாடிப்படியெல்லாம் நாற்றம். ஃப்ரீசரில் விஜயா ஆறு மாதத்துக்குச் சேர்த்துவைத்த மீனும் கறிவேப்பிலையும் கூழாகிக் கிடந்தன. கீழ்வீட்டு அம்மாள் போலீசைக் கூப்பிடும் யோசனையில் இருந்தார். உள்ளே யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம்.

அதே தவறைச் செய்த எனக்கு இத்தனை நாளாக இது தோன்றவே இல்லை. திருடன் தோன்றினான், பதிவு ஆபீஸ் தோன்றியது, தம்பி துரோகியாகத் தோன்றினான். அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிறார் என்பது மட்டும் தோன்றவில்லை. என் மனதில் அம்மா எப்போதும் வீட்டிலேயே இருந்தார்.

6

என் மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நானும் விஜயாவும் நாலு வருடமாகப் புலம்புகிறோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டாள். வீட்டில் இருந்தால் காதில் ஒயர், கையில் போன்.

பட்டியலைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது பின்னால் வந்து நின்றாள். கருப்புத் திரையில் வரிசை வரிசையாக ஒரே பெயர் ஓடியது. ‘அம்மா போன்’ என்று நான்தான் பெயர் கொடுத்திருந்தேன்.

“இது அப்பாயியின் போனா?” என்று ஜெர்மனில் கேட்டாள். “நீங்கள் அப்பாயியை வேவு பார்க்கிறீர்களா?”

வேவு என்பதற்கு ஜெர்மனில் உள்ள சொல் தமிழில் இருப்பதைவிடக் கனமானது. கிழக்கு ஜெர்மனி அரசு சொந்த மக்களையே வேவு பார்த்த கதையை இந்த ஊர்ப் பள்ளியில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். நான் ஏதோ விளக்கம் சொன்னேன். பாதுகாப்பு, பட்டா, வயதானவர், தனியாக இருக்கிறார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, போனில் எதையோ தேடி என் முன்னால் நீட்டினாள். அப்புறம் தமிழில் பேசினாள்.

“அப்பாயி ஏரிக்குப் போவுது. நூறு நாள் வேலைக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

‘போவுது’ என்றாள். அந்தச் சொல்லை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழ் வகுப்பிலும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

போனில் படங்கள் இருந்தன. தண்ணீர் வற்றிய ஏரியில் இருபது முப்பது பெண்கள். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி, மண் அள்ளும் பாண்டு. நடுவில் அம்மா, புடவைக்கு மேல் ஒரு ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு. வெயிலுக்கும் புழுதிக்கும் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். அது என் சட்டை. போன விடுமுறையில் விட்டுவிட்டு வந்த நீலக் கோடு போட்ட ஆபீஸ் சட்டை. அம்மா வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் வீடியோ காலில் ஒருநாளும் பார்த்ததில்லை. படங்களுக்குக் கீழே வரிசையாகக் குரல் பதிவுகள், அம்மாவுடையதும் யாழினியுடையதும் மாறி மாறி. நான் இத்தனை நாள் பதிவேட்டைக் குடைந்து தேடியது, பக்கத்து அறையில் என் மகளின் கையில் இருந்திருக்கிறது.

“ரெண்டு தடவை போட்டோ எடுப்பாங்க” என்றாள் யாழினி. “காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. வந்திருக்கறவங்க நெஜமாவே வந்திருக்காங்களான்னு பாக்கறதுக்கு.”

அங்கேயும் சந்தேகம்தான்.

7

அம்மா ஏன் மறைத்தார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

போன விடுமுறையில் அலமாரியில் அவருடைய வேலை அட்டையைப் பார்த்தேன். போட்டோ ஒட்டி, உறையெல்லாம் கிழிந்த அட்டை. எனக்கு ஆத்திரம் வந்தது. ஜெர்மனியில் மகன் இருக்கும்போது அம்மா மண் சுமப்பதா, ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கத்தினேன்.  அட்டையை எடுத்து என் சூட்கேசில் வைத்துக்கொண்டேன். இப்போதும் அது டார்ட்முண்டில் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது, என் பாஸ்போர்ட்டுக்குக் கீழே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன்.

“அம்மா, ஏரி வேல எப்புடிப் போவுது?”



“குட்டி சொல்லிடுச்சா?”

“சொல்லிடுச்சு.”

“திட்டறதுன்னா திட்டிடு. நாளைக்கும் போவேன்.”

“அட்டை என்கிட்டல்ல இருக்கு? எப்புடிச் சேத்துக்கிட்டாங்க?”

“தொலஞ்சி போச்சுன்னு எழுதிக் குடுத்துப் புதுசு வாங்கினேன். மகன் எடுத்துட்டுப் போயிட்டான்னா எழுத முடியும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது.

“எதுக்கும்மா இந்த வெயில்ல?”

“வூட்டுல இருந்தா பேச ஆளு யாரு? ஒன் பெட்டிகிட்டயா பேசுறது? அது உர்ருன்னு உறுமிக்கிட்டே கெடக்கு. ஏரிக்குப் போனா முப்பது பொம்பளைங்க. சிரிப்பும் பேச்சுமா பொழுது போறதே தெரியாது. என் பங்கு மண்ணு அளவுக்குக் கொறஞ்சா பக்கத்துல இருக்கறவ ரெண்டு பாண்டு அள்ளிப் போடுவா. அவளுக்குக் கொறஞ்சா நான் போடுவேன். நீ எனக்கு அங்கேருந்து என்னத்தை அள்ளிப் போடுவ?”

நான் பேச்சை மாற்றினேன்.

“சரி, மெயினை ஏம்மா எறக்குற? அணைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?”

“ஆளில்லாத வூட்டுல எது ஓடுனாலும் தப்பு. ஒங்கப்பா இருந்தாலும் அதான் சொல்லியிருப்பாரு.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. என் போனு எப்ப இருக்கு, எப்ப இல்லன்னு அந்தப் பெட்டி எழுதி வெச்சிருக்காமே? குட்டி சொல்லுச்சு. கண்ணு இல்லன்னியேடா தம்பி.”

“இல்லம்மா. நான்தான் வெச்சேன்.”

“என்னைப் பாக்கவா?”

“செல்வம் வரானான்னு பாக்க.”

“அந்தப் புள்ளையவா?” என்றார். “ஞாயித்துக்கெழம வந்து, வாசல்லயே நின்னுட்டு, அண்ணன் கோவமா இருக்காரு பெரியம்மா, உள்ள வரலைன்னு சொன்னான். நான்தான் கையைப் புடிச்சி இழுத்து டீ குடுத்து அனுப்பினேன். என்ன நடந்துச்சுன்னு வாயத் தொறக்கல.”

அம்மா லைனில் இருக்கும்போதே ‘தற்காலிகம்’ என்ற அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தி, அழித்து, அதன் வட்டையும் துடைத்தேன். பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள் மிஞ்சின. செய்ததை அம்மாவிடம் சொன்னேன்.

“நீ சொல்ற, நான் எங்க போய்ப் பாக்கறது?” என்றார். அது நியாயம்தான்.

8

செல்வம் இரண்டு நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தான். தப்பு என்னுடையது என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டேன்.  “பசங்களுக்காக வரேண்ணே” என்றான் கடைசியில். எனக்காக வருகிறேன் என்று சொல்லவில்லை. அது அவ்வளவு சீக்கிரம் வராது என்று எனக்கும் தெரியும்.

அவன் போய் அம்மாவுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தான். பெட்டியின் முன்னால் இருக்கும் பொத்தானை ஒரு தரம் அமுக்க வேண்டும். பச்சை விளக்கு அணைகிற வரை நிற்க வேண்டும். அதற்குப் பிறகு மெயினை இறக்கலாம். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தங்கள் வேலையை முடித்து ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். யாருடைய வட்டும் கெடாது. பிள்ளைகளும் மாலையில்தான் பயிற்சிக்கு வருகிறார்கள், அவர்களுக்கு நஷ்டம் இல்லை.

இப்போது தினமும் மாலையில் பதிவேட்டைப் பார்க்கிறேன். காலை எட்டு நாற்பதுக்கு செந்துறை நிற்கும், அப்புறம் பூலாம்பாடி, அப்புறம் லப்பைக்குடிக்காடு. பன்னிரண்டும் நின்ற பிறகு பெட்டி நிற்கும். அம்மா வேலைக்குக் கிளம்பிவிட்டார் என்று எனக்குத் தெரியும். இதுவும் வேவுதானே என்று யாழினி கேட்டாள். அப்பாயிக்குத் தெரிந்தே நடக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. குரல் பதிவு அனுப்பி அப்பாயியிடம் விசாரித்துவிட்டுத்தான் விட்டாள்.

விசாப் படிவம் மேஜையிலேயே கிடந்தது. நேற்று ரப்பரை எடுத்து, ‘இல்லை’ என்ற பென்சில் எழுத்தை அழித்தேன். அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். திரும்பிப் போவதற்கு ஆதாரம் கேட்கிறார்கள், வேலை இருக்கிறது என்று காட்டினால் நல்லது, அந்தப் புது அட்டை வேண்டும்.

“வேல முடியாம நான் வர முடியாது” என்றார். “மழைக்கு முன்ன ஏரி முடிஞ்சாவணும்.”

“முடிஞ்சதும் வாம்மா. அட்டைய மட்டும் செல்வத்துகிட்டக் குடுத்து அனுப்பு.”

“ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கச் சொல்றேன்” என்றார் அம்மா. “ஒரிஜினல் ஒன் கைக்கு வராது. நீ திருப்பித் தர மாட்ட.”